அலையாத்தி அலையை ஆத்துச்சா?

சிதம்பரத்துல படிக்கிறவங்க ஒரு தடவையாவது கிளாஸை கட் அடிச்சுட்டு பிச்சாவரத்துல படகு சவாரி போயிருப்பீங்க. 'இதயக்கனி' ஷூட்டிங் நடந்த இடமாச்சே! அந்தக் காட்டுக்குத் தமிழ்ல பேரு அலையாத்திக் காடு. அதாவது, அலையை ஆற்றும் காடு. பேருக்கேத்த மாதிரி நிஜமாவே ஆத்துச்சா? இதை வச்சு விஞ்ஞானிகள் ஒரு பட்டிமன்றமே நடத்தியிருக்காங்க!

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது சுனாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 மீனவக் குப்பங்களின் கணக்கை எடுத்தாங்க. எங்கே எத்தனை உயிர் போச்சு, கடல் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், முன்னாடி மரம் இருந்துச்சா? 2005-ல் வந்த முடிவு: தூரம், உயரம், காடு மூணுமே காப்பாத்தியிருக்கு.

அடுத்த வருஷமே கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டாங்க. காட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஊர் எப்படியும் கடலை விட்டுத் தள்ளித்தானே இருக்கும்? அப்போ காப்பாத்தினது மரமா, தூரமா? 'தூரமும் உயரமும்தான் ஹீரோ' என்றார்கள். 'இல்லை, காட்டுக்கும் பங்குண்டு' என்று மறுத்தது வெர்மாட், தம்பன்யா ஜோடி.

'இதுல நமக்கென்ன பாஸ்?'னு கேக்குறீங்களா? மரம் நட்டாச்சு, இனி பயமில்லைன்னு பள்ளத்துல வீடு கட்டினா, அடுத்த கணக்குல நாமும் ஒரு எண்!

2011-ல் 'தானே' புயல் காற்றா வந்தது. 2015-ல் வெள்ளம் ஊர்ப் பக்கமிருந்தே வந்தது. எல்லாத்துக்கும் ஒரே கேடயம் போதாது. அதனால, ஆபத்தை இப்போ மூணு கேள்வியா பிரிச்சுப் பார்க்கிறாங்க. வரப்போவது எவ்வளவு பெருசு? அது வர்ற வழியில யார் இருக்காங்க? அவங்களால எவ்வளவு தாங்க முடியும்?

முதல் கேள்விக்கு சாட்டிலைட் பதில் சொல்லும். மத்த ரெண்டுக்கும் ஊருக்குள்ள நடக்கணும். அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல ஒரு நோட்டோட கிளம்புங்க. எந்தத் தெரு தாழ்வு, எது மேடு, எந்த வீட்டுல நடக்க முடியாத பாட்டி இருக்காங்க, அவங்களை யார் தூக்கிட்டு ஓடுறது? எல்லாத்தையும் குறிச்சு ஊராட்சி அலுவலகத்துல மாட்டுங்க.

அந்தப் பாட்டி வீடு எந்த சாட்டிலைட்டுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்!