எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் சிறுநீர்க் கட்டுப்பாடும்

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு வருவோர் முழங்கால் வலியைச் சொல்வார்கள். சர்க்கரை நோயையும் மூச்சிரைப்பையும் சொல்வார்கள். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்பதைத் தாமாகச் சொல்வோர் சிலரே. பிள்ளை பெற்ற உடம்புக்கு இது இயல்புதானே என்று பெண்கள் பலர் எண்ணிக்கொள்கின்றனர். ஆண்களோ இதைப் பற்றி வாய் திறப்பதே அரிது.

வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பின் பாரம் எந்நேரமும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து ஏந்தி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் ஆண்டுக்கணக்கில் அப்பாரத்தைச் சுமந்து தளர்ந்துவிடுகின்றன. எடை இறங்கும்போது அந்த அழுத்தமும் இறங்குகிறது. எனவே, இரைப்பைக்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சையின் பயன் சிறுநீர்ப்பைக்கும் கிட்டுகிறது.

இது எந்த அளவுக்குக் கிட்டும்? அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் இவ்வறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. அறுவை சிகிச்சைக்கு முன்பு, வாரத்தில் ஒரு முறையேனும் கசிவு உடையவர்கள் பெண்களில் 49 சதவீதம், ஆண்களில் 22 சதவீதம். ஓராண்டுக்குப் பின் இது முறையே 18 ஆகவும் 10 ஆகவும் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் பெண்களில் 25, ஆண்களில் 12 என்று சற்றே ஏறியது. பெரும்பாலோருக்கு நன்மை உண்டு. எல்லோருக்கும் முழுமையாக இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கசிவு நீடித்தால் சிகிச்சை தோற்றுவிட்டதென்று மனம் தளர வேண்டியதில்லை. அதற்கென்று தனியே செய்யத்தக்கவை இருக்கின்றன.

அவற்றைச் சொல்லுமுன், செய்யக்கூடாத ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பேருந்துப் பயணம், கோயில், திருமணம் என்று வெளியே புறப்படும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் அருந்தாமல் இருக்கும் வழக்கம் நம் பெண்களிடையே வேரூன்றியது. கழிப்பறை வசதி குறைந்த ஊர்களில் அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆயினும் இவ்வறுவை சிகிச்சைக்குப் பின் அவ்வழக்கம் ஆபத்தானது. சுருங்கிய இரைப்பையால் ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொள்ள இயலாது. காலையில் விட்டதை மாலையில் ஈடுசெய்யவும் முடியாது. நீர் குறைந்தால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரும். கெட்டியான மலம் சிறுநீர்ப்பையை நெருக்க, கசிவு கூடவும் செய்யும். அடர்ந்து மஞ்சளித்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தி அடிக்கடி போகத் தூண்டும். இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்கு ஆக்சலேட் என்னும் பொருள் குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சப்படுவதால், சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் அதிகம்.

பொதுவாக நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், சிறு சிறு மிடறுகளாக, உணவோடு சேர்க்காமல் இடைவேளைகளில் அருந்த வேண்டும். கத்திரி வெயிலில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருப்பார். இரவில் எழுவது தொல்லையாக இருந்தால் பகலிலேயே பெரும்பகுதியை அருந்திவிடலாம். குறைக்க வேண்டியது காப்பியையும் தேநீரையுமே.

கசிவு இரு வகைப்படும். இருமல், சிரிப்பு, பாரம் தூக்குதல் ஆகியவற்றின்போது கசிவது ஒன்று. திடீரென்று அடக்க இயலாத அவசரம் தோன்றி, கழிப்பறையை எட்டுமுன் கசிவது மற்றொன்று. முதல் வகையில் இடுப்புத்தளப் பயிற்சி நல்ல பலன் தரும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அத்தசைகளை உள்ளிழுத்து ஐந்து விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். மூச்சைப் பிடிக்கவோ தொடைகளை நெருக்கவோ கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் தவறு. அறுவை சிகிச்சை நிபுணர் அனுமதித்த பின்னரே தொடங்குங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். ஒரு வாரத்தில் கைவிடுவோரே அதிகம்.

அவசர வகைக்குக் காரணம் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர் மாத்திரைகளும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளும் சிறுநீரின் அளவைக் கூட்டுபவை. எடை குறையக் குறைய இவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் உடனிருப்போர் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியச் செய்தாலே பெரிய உதவி. அவசரத்தில் வழுக்கி விழுவது நேராமல் காக்கும். “இத்தனை தடவையா?” என்ற கேள்வியையும் தவிர்க்கலாம். அக்கேள்விக்கு அஞ்சியே தண்ணீரைக் குறைப்போர் உண்டு.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில், மயக்க மருந்தின் தாக்கத்தால் சிலருக்குச் சிறுநீர் கழிப்பதே கடினமாகலாம். அடிவயிறு உப்பி வலித்தும் சிறுநீர் வரவில்லையென்றால் தாமதமின்றிச் செவிலியரிடம் கூறுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், எரிச்சல், சிறுநீரில் இரத்தம், விலாப்புறக் கடும் வலி, நாள் முழுதும் மிகக் குறைவான சிறுநீர் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் வாருங்கள். கால்கள் வலுவிழந்து, இருக்கைப் பகுதி மரத்துப்போய்க் கட்டுப்பாடு இழந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

மற்றபடி, அடுத்த மறுபரிசோதனைக்கு முந்திய மூன்று நாட்களில் எவ்வளவு அருந்தினீர்கள், எத்தனை முறை சென்றீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். வாயால் சொல்லக் கூச்சமாயின், அத்தாளை நீட்டினால் போதும்.