போக்கிடமில்லாத வாடிக்கையாளரும் அமெரிக்கக் கப்பல்களும்

உள்நாட்டு உற்பத்திக்கு அரசின் பாதுகாப்பு வேண்டும் என்று பேசி வருபவர்களில் நானும் ஒருவன். ஆனால் அமெரிக்காவில் வர்த்தகக் கப்பல் கட்டும் தொழில் இன்றிருக்கும் நிலை, அந்தப் பேச்சில் ஒரு திருத்தத்தைச் செய்ய வைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா 2,700க்கும் அதிகமான 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டியது. அவற்றில் ஒன்றை 1942இல் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் ஐந்து நாட்களுக்குள் பொருத்தி நீரில் இறக்கினார்கள். இன்றோ உலகின் வர்த்தகக் கப்பல் உற்பத்தியில் அந்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சீனாவும் தென்கொரியாவும் ஜப்பானுமே சந்தையைக் கையில் வைத்துள்ளன.

அப்படியானால் பாதுகாப்பு இருக்கவில்லையா? இருந்தது, இன்றும் இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாதைகளில் ஓடும் கப்பல்களுக்கு விலை வித்தியாசத்தை ஈடுசெய்த அரச மானியம் 1981இல் ரீகன் ஆட்சியில் நின்றது. அதன்பின் உலகச் சந்தை கைநழுவியது. சட்டத்தால் கட்டுண்ட உள்நாட்டு வாடிக்கையாளர் மட்டுமே மிஞ்சினர்.

கட்டளைகள் குறைந்ததால் விலை ஏறியது. விலை ஏறியதால் கட்டளைகள் மேலும் குறைந்தன. ஹவாய்க்குக் கப்பலோட்டும் மட்சன் கம்பனி, 2022இல் பிலடெல்பியா தளத்திடம் மூன்று கொள்கலன் கப்பல்களைக் கேட்டது. விலை சுமார் ஒரு பில்லியன் டொலர். அத்தகைய கப்பலை ஆசியத் தளங்கள் இதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கட்டித் தரும். இந்த வித்தியாசத்தைக் கடைசியில் சுமப்பவர் கப்பற்கூலி கட்டும் வியாபாரிதான்.

அந்தப் பிலடெல்பியா தளத்தைத் தென்கொரியாவின் ஹன்வா நிறுவனம் 2024 டிசம்பரில் 100 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025 ஓகஸ்டில் மேலும் 5 பில்லியன் டொலர் முதலிடுவதாக அறிவித்தது. சீனக் கப்பல்கள் மீது 2025 ஒக்டோபரில் விதிக்கப்பட்ட துறைமுகக் கட்டணமோ, அடுத்த மாதமே ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பணத்தைக் கொண்டுவரலாம். கைதேர்ந்த ஒட்டுவேலைக்காரரையும் உதிரிப்பாக வழங்குநரையும் ஒரே நாளில் கொண்டுவர முடியாது.

சட்டத்தை நீக்கினால் மிஞ்சிய தளங்களும் மூடப்படும் என்கின்றனர் அதன் ஆதரவாளர்கள். அதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். பாதுகாப்பு வேண்டாம் என்பதும் என் கட்சியல்ல. அதற்கு ஒரு தவணை வேண்டும். அந்தத் தவணைக்குள் தொழில் முன்னேறியதா என்ற கணக்கும் வேண்டும் என்பதே நான் செய்துகொண்ட திருத்தம். வேறு போக்கிடமில்லாத வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துபவர், அடுத்த தெருவில் என்ன விலை என்பதையே மறந்துவிடுவார்.