அலிப்பூரில் ஒரு காற்றுமானி: எண்ணை நம்புவதும் சோதிப்பதும்

மழை வருமா, குளிர் கூடுமா என்று அறிய விரும்பும் வங்காளத்தார் எவரும் கல்கத்தாவின் அலிப்பூர் வானிலை அலுவலகம் என்ன சொல்கிறது என்றுதான் முதலில் கேட்பது வழக்கம். 1875-ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் கிழக்குப் பிரதேச மையம் இன்றும் அலிப்பூரில்தான் இருக்கிறது. வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் அந்தப் பேட்டையிலேயே, வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மானியை வைத்து, தாம் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு நுண்துகள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையோ, இருதய உபாதை உள்ள முதியவரோ இருக்கும் வீட்டுக்கு இது மெய்யாகவே நல்ல துணை. ஆயினும் அது காட்டும் எண் எப்பொழுது காற்றைச் சொல்கிறது, எப்பொழுது தன் கோளாற்றைச் சொல்கிறது என்று பிரித்தறியத் தெரியாவிட்டால், அந்தத் துணையே வீண் பயத்துக்கும், அதனினும் கொடிய வீண் தைரியத்துக்கும் காரணமாகிவிடும்.

விடியற்காலையில் எகிறும் எண்

இந்த மானிகளுள் பெரும்பாலானவை ஒரு சிறு விசிறியால் காற்றை உள்ளிழுத்து, லேசர் ஒளியை அதன்மீது பாய்ச்சி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் அளவைக் கணக்கிடுகின்றன. துகளை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒளியைக் கொண்டு ஊகிக்கின்றன. ஆகையால், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டும்போது, துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துப்போக, மானி அந்த நீரையும் தூசியாகவே எண்ணிவிடும். மூடுபனித் திவலையும் அதன் கண்ணுக்குத் தூசிதான். கங்கைக் கரையின் ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்த விடியற்காலையில் ஜன்னலோரம் வைத்த மானி மிகைப்படுத்திச் சொல்வது இதனால்தான். அரசாங்க நிலையங்களில் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கிறார்கள். வீட்டு மானியில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது.

எனவே சந்தேகம் வந்தால், அலிப்பூர் அலுவலகம் அறிவிக்கும் ஈரப்பதத்தை முதலில் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள விக்டோரியா நினைவு மண்டப நிலையத்தின் மணிவாரி அளவோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவது உத்தமம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். ஆனால் ஈரத்தின்மேல் பழியைப் போட்டு எல்லா எண்ணையும் தள்ளிவிடுவது தவறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கல்கத்தாவில் காற்று அசைவற்று, குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்து, புகையை மேலெழ விடாமல் தடுப்பதால், அந்த மாதங்களில் உயர்ந்த எண் பெரும்பாலும் உண்மையான எண்ணே.

ஒரே காற்றுக்கு இரண்டு குறியீடுகள்

கைபேசியில் ஒன்றும் செய்தித்தாளில் வேறொன்றும் இருந்தால் மானி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள காற்று, 2015-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குறியீட்டில் 100 என்னும் 'திருப்திகரம்' எல்லைக்குள் அடங்கும். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டி, ஆரோக்கியத்துக்கு ஒவ்வாதது என்று வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளைய சராசரிக்கு வகுத்த வரம்போ 15 மைக்ரோகிராம்தான். ஆகவே செயலியின் அமைப்பில் குறியீட்டை விட்டு மைக்ரோகிராம் அளவையே காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளி உள்ள வீட்டில் 'திருப்திகரம்' என்ற சொல்லில் மனம் நிறைந்துவிடுவதை நான் ஏற்கவில்லை.

துவாரத்தில் சிக்கிய நூலாம்படை

ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும், பகலிலும் இரவிலும், எண் ஒரே உயரத்தில் நின்றால் மானியையே சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, அதைத் திருப்பி, பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: துணி நார் ஒன்றோ, எட்டுக்கால் பூச்சியின் இழையோ வாயருகில் ஆடிக்கொண்டிருக்கலாம். அந்த ஒற்றை இழை லேசரின் பாதையில் புகுந்துவிட்டால் ஓயாமல் ஒளியைச் சிதறடிக்கும். மெல்லிய தூரிகையாலும், கேமரா துடைப்போர் வைத்திருக்கும் ரப்பர் ஊதியாலும் நிதானமாக அகற்றுங்கள். ஈரத் துணியும் ஸ்பிரிட்டும் கூடாது. அப்படியும் மாறாவிட்டால், லேசருக்கும் விசிறிக்கும் ஆயுள் முடிந்திருக்கலாம்.

இணைப்பு அறுந்தபின் நிற்கும் பழைய எண்

வைஃபை அறுந்த மானியில் பெரிய அபாயம், அது மௌனமாகிவிடுவதன்று; கடைசியாக அனுப்பிய எண்ணைச் செயலி அப்படியே காட்டிக்கொண்டிருப்பதுதான். நேற்று மத்தியானத்து எண்ணை நம்பி இன்று காலையில் குழந்தையை வெளியே அனுப்பும் தாய்மார் உண்டு. எண்ணைப் பார்க்குமுன் அதன் கீழுள்ள நேரத்தைப் பாருங்கள்.

மானிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். ரௌட்டர் இரண்டு அலைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், முதன்முறை இணைக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நிறுத்திவிட வேண்டும். கடவுச்சொல் மாறினால் மானிக்கும் புதிதாகச் சொல்லவேண்டும். அலிப்பூரின் பழைய பங்களாக்களில் கனத்த செங்கற்சுவர்கள் அலையை விழுங்கிவிடுவதால், மானியை ரௌட்டர் தெரியும் அறைக்கு மாற்றிப் பரீட்சிப்பது எந்தப் பழுதுபார்ப்புக்கும் முந்திய காரியம்.

மானி சரி, புகைதான் கெட்டது

கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும்போதும், நம் தமிழ் வீடுகளில் மிளகாய் தாளிக்கும்போதும், மாலையில் தூனோ என்னும் வங்காளத் தூபமோ சாம்பிராணியோ போடும்போதும், கொசுவர்த்தி புகையும்போதும் எண் சட்டென்று பலமடங்கு ஏறும். அது கோளாறன்று. அந்தப் புகை சுவாசப்பைக்குள் ஆழமாக இறங்குவதே. வெளியேற்று விசிறியைப் போடுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலை விடியலில் திறவாமல், வெயில் ஏறிய பிறகு திறங்கள். எண் எதுவாயினும், மூச்சிரைப்பு வந்தால் மருத்துவர் சொன்ன இன்ஹேலரை எடுக்கத் தாமதம் கூடாது.

மானி அறியாத நஞ்சு

நுண்துகளை அளக்கும் மானிக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது. கரிக்கணப்பை உள்ளே வைத்து அறையைத் தாழிட்டாலோ, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தாலோ, நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயு மானியின் பச்சை விளக்கு மாறாமலே உயிரை வாங்கிவிடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்தி, புகைபோக்கி வைக்க வேண்டும். அதற்கெனத் தனி எச்சரிக்கைக் கருவியும் வாங்கலாம். தலைவலி, மயக்கம், வாந்தி வீட்டில் இருவருக்கு ஒருசேர வந்தால், எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிராமல் எல்லோரும் வெளியே வந்து மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.