வாகா எல்லையில் ஒரு ஜோடி ஆட்டம்

கொடியை இறக்கிச் சுருட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்தியாவின் அட்டாரிக்கும் பாகிஸ்தானின் வாகாவுக்கும் நடுவே, 1947 பிரிவினையில் ராட்கிளிஃப் போட்ட எல்லைக் கோட்டின்மேல், அந்தச் சின்ன வேலைக்கு முழு நிகழ்ச்சியே அமைத்து, 1959 முதல் நடத்திவருகிறார்கள்.

நான் பரதம் சொல்லித்தருகிறவள். கூட்டம் கோஷம் போட்டபோது என் கண் கால்களைவிட்டு நகரவில்லை. இந்தப் பக்கம் காக்கி உடையும் சிவப்பு விசிறித் தலைப்பாகையுமாக எல்லைப் பாதுகாப்புப் படையினர். அந்தப் பக்கம் கறுப்பு உடையில் பாகிஸ்தான் ரேஞ்சர்கள். விறுவிறு நடை, சட்டென்று நிறுத்தம், நெற்றி உயரத்துக்கு உதை, சாலை அதிரப் பூட்ஸ் தட்டல், முறைப்பு. நவரசத்தில் வீரமும் ரௌத்திரமும் மட்டும். மற்ற ஏழுக்கும் அனுமதி இல்லை.

பதறியது முழங்காலை நினைத்துத்தான். தட்டடவை நாங்கள் அரைமண்டியில் செய்யச் சொல்வோம். மடங்கிய கால் அதிர்வைத் தாங்கும். இங்கே விறைத்த கால் நேராகத் தரையில் விழுகிறது. 2010-ல் ஆவேசத்தைக் கொஞ்சம் தணித்தபோது வீரர்களின் கால் வலியும் பேச்சில் அடிபட்டது.

நான் மலைத்தது கொடியிறக்கத்தில். இரண்டு கொடிகளும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும்; ஒன்று மற்றதைவிடக் கணநேரம்கூட உயரே நிற்கக் கூடாது. இரண்டு மாணவிகளை ஒரே காலப்பிரமாணத்தில் நிறுத்தவே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். இங்கே ஆடுகிறவர்கள் பகை நாட்டுப் படைகள். இரு பக்கத்துக்கும் பொதுவான நட்டுவனாரும் இல்லை. எதிராளியின் கையையும் காலையும் கவனித்தால்தான் தாளம் நிற்கும். சண்டைபோடுவதுபோல் ஆடுவதற்கே அவ்வளவு உடன்பாடு தேவைப்படுகிறது.

ஆபத்தும் நிஜம். 2014 நவம்பர் 2-ம் தேதி, நிகழ்ச்சி முடிந்து வாகா பக்கம் கூட்டம் கலைகையில் தற்கொலைக் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இந்தியா நிகழ்ச்சியைச் சுருக்கியது. கதவு திறப்பதும், கடைசியில் இரு தரப்பும் கைகுலுக்குவதும் நின்றன. உதையும் முறைப்பும் தப்பின. கைகுலுக்கல் சில நொடிச் சமாச்சாரம்தான். ஆனால் ஒரு உருப்படியில் முதலில் எதை வெட்டுகிறார்கள் என்று பார்த்தால், எது பாரம் சுமந்தது என்று ஆடத் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.