உதைபந்தாட்டப் பருவமும் எண்களின் தீர்ப்பும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும் விளையாட்டுத் திடலில் எண்ணுக்குரிய இடம் நெடுங்காலம் அளிக்கப்படவில்லை. ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணி வென்றால் வீரர் புகழப்படுவர். தோற்றால் தலைவனும் பயிற்றுநரும் பழிக்கப்படுவர். அடுத்த ஆண்டு அணியில் எவரை நிறுத்துவது, எவரை நீக்குவது என்பதும் அவ்வுணர்ச்சி வேகத்திலேயே முடிவு செய்யப்படும். இத்தீர்ப்பு எத்துணை நீதியானது என்பதை ஆராய்வதற்குப் புள்ளிவிபரவியல் பெருந்துணை புரிகின்றது.

உடப்புசல்லாவை போன்ற மலையகப் பகுதிகளுக்குக் கணக்கு புதியதன்று. ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. குறித்த அளவு எடுத்தவருக்கு முழுப்பேர், எடுக்காதவருக்கு அரைப்பேர் என ஏட்டில் விழுகின்றது. ஆனால் தளிர் செழித்த மலையில் எடுத்த பத்துக் கிலோவும் வறண்ட மலையில் எடுத்த பத்துக் கிலோவும் ஒரே உழைப்பைக் குறிப்பன அல்ல என்பதை அங்குள்ள குழந்தையும் அறியும். எண் பொய் சொல்வதில்லை. எனினும் அது பிறந்த இடத்தை மறைத்துவிட்டால் மெய்யையும் சொல்வதில்லை. உதைபந்தாட்டக் கணக்குக்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

இத்துறையின் முன்னோடி, இங்கிலாந்தின் வான்படையிற் கணக்காளராகப் பணியாற்றிய சார்ள்ஸ் ரீப் என்பவர். 1950 மார்ச் 18ஆம் நாள் சுவிண்டன் அணி ஆடிய ஆட்டமொன்றின் பிற்பாதியில், பந்தின் ஒவ்வொரு நகர்வையும் அவர் குறிப்பேட்டில் பதியத் தொடங்கினார். பல ஆண்டுகள் பதிந்தபின், கோல்களில் ஐந்தில் நான்கு பங்கு மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களால் விளைந்தன எனக் கண்டார். ஆதலின் பந்தை நெடுந்தூரம் உதைத்து விரைந்து முன்னேறுவதே சிறந்த முறை என்று பலர் கருதலாயினர்.

இம்முடிவில் ஒரு வழு ஒளிந்திருந்தது. ஆட்டத்தின் எல்லா நகர்வுகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மூன்று பரிமாற்றங்களுக்குள் முடிபவையே. எனவே எஞ்சிய ஒரு பங்கான நீண்ட நகர்வுகளே கோல்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தன. முந்நூறு பேர் வேலைசெய்யும் தோட்டப் பிரிவு முப்பது பேர் வேலைசெய்யும் பிரிவைவிட அதிகக் கொழுந்து தருவதைக் கண்டு, முன்னவரே கைதேர்ந்தவர் என்று முடிவு கட்டுவதை இது ஒக்கும். மொத்தத்தை மட்டும் நோக்காது விகிதத்தையும் நோக்கல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இனி, எதிர்வுகூறலைக் காண்போம். அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நிகழும் நிகழ்ச்சிகளைக் கணிக்கும் முறையொன்றை பிரெஞ்சு அறிஞர் புவாசோன் 1837இல் வெளியிட்டார். புருசியப் படையிற் குதிரை உதைத்து இறந்த வீரர்தம் தொகைக்கு அது பொருந்துவதை 1898இல் போர்ட்கீவிச் என்பார் காட்டினார். குதிரையின் உதைக்குப் பொருந்திய கணக்கு, பந்தின் உதைக்கும் பெரும்பாலும் பொருந்துவது வியப்புக்குரியது.

ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரி 1.5 கோல்களும் எதிரணி 1 கோலும் போடும் வலிமை உடையன எனக் கொள்வோம். முதலணியே மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் இக்கணிப்பின்படி அது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 49, சமநிலை 26, தோல்வி 25. அஃதாவது, மேலான அணியும் நான்கில் ஓர் ஆட்டத்திலே தோற்கும். தோற்றவர் வெளியேறும் போட்டியில், சமநிலையுற்ற ஆட்டங்களில் பாதியைத் தண்டனை உதைகளால் வெல்லுமெனக் கொண்டாலும், இத்தகைய எதிரணிகள் நான்கை அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 மட்டுமே. பாடசாலை அணிகள் வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படியேறுவதற்கு எத்துணை நற்பேறும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். வெளியேறிய அணியிலே குற்றம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

எதிரணியின் வலிமையை மறத்தல் மற்றொரு பெருந்தவறு. 2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இரண்டாங் கட்டத்தில், வட கொரியா விலகியபின் கணக்கிற் கொள்ளப்பட்ட ஆறு ஆட்டங்களிலும் இலங்கை தோற்றது. போட்ட கோல்கள் 2, வாங்கியவை 23. ஆயின் அவற்றுள் 13 கோல்கள் தென் கொரியாவுடன் ஆடிய இரண்டே ஆட்டங்களில் விழுந்தவை. லெபனான், துருக்மெனிஸ்தான் என்னும் நாடுகளுடன் ஆடிய நான்கு ஆட்டங்களில் வாங்கியவை 10. லெபனானுடனான ஓர் ஆட்டம் 3-2 என்ற நெருக்கத்தில் முடிந்தது. இதே நாடுதான் 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என வென்றது. சதுரங்கத்துக்காக ஆர்பட் ஏலோ வகுத்த தரநிலை முறையை 2018இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் தழுவியதும் இக்குறையை நீக்கவே. அம்முறையில் வலியோரை வென்றால் மிகுபுள்ளியும் மெலியோரை வென்றால் குறைபுள்ளியும் கிடைக்கும்.

அவ்வாறாயின் ஒரு கல்லூரி தன் குறிப்பேட்டில் எவற்றைப் பதிதல் வேண்டும்? கோல்கள் சில; கோலை நோக்கிய உதைகள் பல. பத்து உதைக்கு ஏறத்தாழ ஒன்றே கோலாவதால், உதைகளின் தொகையும் அவை எழுந்த இடமும் அணியின் திறனை விரைவிற் காட்டும். தண்டனை உதைகளில் நான்கில் மூன்றுக்குச் சற்று மேற்பட்டவை கோலாகின்றன. தொலைவிலிருந்து உதைப்பவற்றிற் சிலவே தேறும். இவ்வாறு ஒவ்வோர் உதைக்கும் மதிப்பளித்துக் கூட்டுவதே இக்காலத்தில் எதிர்பார்ப்புக் கோல் எனப்படுவது. அத்துடன் எதிரணி, திடல், வானிலை ஆகியனவும் குறிக்கப்படல் வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் ஊறிய திடலும், யூலை தொடங்கி வீசும் வறண்ட காற்றில் இறுகிய திடலும் ஒன்றல்ல.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் பொறுமையுள்ள இரு மாணவரும் போதும். அக்கொப்பி வெற்றியை வாங்கித் தராது. ஆனால் ஒரு தோல்வியைக் காட்டி ஒரு மாணவனுக்கு அரைப்பேர் போடுமுன், அவன் எந்த மலையில் நின்றான் என்பதை அது நினைவூட்டும். கணக்கின் பயன் வருவதை உரைத்தல் மட்டுமன்று. வந்ததை நீதியோடு மதித்தலுமாகும்.