ரெஸ்யூமைப் படிக்கும் எந்திரம்

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் நிறுவனம் தமிழக அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை, 20,000 பேருக்கு வேலை. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து, கரும்பையும் நெல்லையும் மரவள்ளியையும் நம்பியிருக்கும் மாவட்டத்துக்கு இது பெரிய செய்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இன்று டிப்ளமோ, டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு இணையம் வழியாகப் போகும் ரெஸ்யூமை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான்.

அது பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் வரிசையாக உருவி எடுக்கிறது. பிறகு கல்வி, அனுபவம், திறன் என்ற தலைப்புகளைத் தேடி, பெயர், கைபேசி எண், ஆண்டு, படிப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் போட்டு வைக்கிறது. நிறுவனத்தின் ஆள் தேர்வு அதிகாரி 'மெக்கானிக்கல் டிப்ளமோ' என்று தேடினால், அந்தக் கட்டத்தில் அந்தச் சொல் உள்ளவர்கள் மட்டுமே திரையில் வருவார்கள். கம்ப்யூட்டரே நம்மை நிராகரித்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. தேடும்போது நம் பெயர் மேலே வருவதில்லை, அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான்.

எங்கே பிசகுகிறது? பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து வடிவமைத்தால், சில மென்பொருள்கள் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒன்றாக ஒட்டிப் படித்துவிடும். அட்டவணைக்குள் வைத்த மதிப்பெண்களும், பக்கத்தின் தலைப்பட்டையில் வைத்த கைபேசி எண்ணும் காணாமல் போகலாம். அச்சடித்த தாளைக் கைபேசியில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. அதிலேயே அடியுங்கள். இன்ஷியலும் கவனிக்க வேண்டியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, எல்லா இடத்திலும் அப்படியே இருக்கட்டும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்து தெரிந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

எந்திரத்தைத் தாண்டினால் மனிதர் படிப்பார். பிரௌசிங் சென்டரில் முன்பு வந்தவரின் ரெஸ்யூமில் பெயரை மட்டும் மாற்றித் தருகிற வழக்கம் அங்கேதான் நம்மைக் கவிழ்க்கிறது. சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தை உயர்த்துவேன் என்ற அதே முதல் வரி நூறு பேரிடம் இருக்கும். மதம், சாதி, தந்தை பெயர், ஆதார் எண் எதுவும் தனியார் வேலைக்கான ரெஸ்யூமில் தேவையில்லை. அரசு வேலை வேறு: தமிழக அரசுப் பணியில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழை அந்த வேலைக்கான விண்ணப்பத்தோடு கொடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறு. மலைப்பிள்ளைகள் தாங்கள் செய்த வேலையை வேலையென்றே எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். 'விவசாயம் தெரியும்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'இரண்டு ஆண்டுகள், குடும்பத்தின் மரவள்ளித் தோட்டத்தில் நடவு முதல் ஆலைக்கு லோடு ஏற்றுவது வரை கவனித்தேன். கூலிக் கணக்கு எழுதினேன்' என்றால் பொறுப்பு ஏற்கத் தெரிந்த ஓர் ஆள் கண்முன் வருகிறார். படிப்பு முடிந்து எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தால் அந்த மாதங்களையும் உள்ளபடி எழுதுங்கள். பொய் ஒரு வரிகூட வேண்டாம், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும்.

மலையில் பல ஊர்களில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் கீழ்நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும், அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டாவதாகச் சேருங்கள்.

பிரௌசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், பழைய கோப்பைத் திறக்கும் முன் 'நீ என்னென்ன வேலை செஞ்சிருக்கே?' என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே, பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல், அடித்துக் கொடுங்கள்.