ஹெட்செட் வாங்கும் முன் காதைக் கேளுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் கடை வாசலிலேயே ஹெட்செட்டுகள் தொங்கும். நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் ஒன்று, பூனைக் காது வைத்த ஒன்று, பெட்டி முழுக்க ‘7.1 சரவுண்ட்’ என்று அச்சடித்த ஒன்று. தேர்வு முடிந்த கையோடு அப்பாவை இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: சத்தம் நல்லா வருமா, பேஸ் இருக்கா, மைக் கிளியரா இருக்குமா? பணம் கொடுக்கும் அப்பா கேட்பது ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு குறைப்பீங்க?

ஹெட்செட்டை நாளுக்கு மூன்று மணி நேரம் சுமக்கப்போகும் காதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள்ளேயே விளையாட்டுக்கும் உதவி, காதையும் காக்கிற கம்பி ஹெட்செட்டை வாங்கிவிட முடியும். எதைப் பார்க்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

காலடிக்காக ஏற்றும் சத்தம்

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில் கண்ணுக்கு நிகரான வேலை காதுக்கும் உண்டு. பக்கத்து அறையில் எதிராளி நடக்கிறாரா, மாடிப்படி ஏறுகிறாரா, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைக் காலடிச் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். அந்தச் சத்தமோ மிக மெல்லியது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, சமையலறையில் குக்கர் விசிலடிக்கிறது. காலடி காதில் விழவில்லை என்று விளையாடுபவர் ஒலியளவை ஏற்றுகிறார். அடுத்த நொடியே வெடிகுண்டும் துப்பாக்கியும் அதே அளவில் காதுக்குள் முழங்குகின்றன.

காதுக்குக் கேடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ‘பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழில் 2024 ஜனவரியில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, ஒன்பது நாடுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றுள் ஓர் ஆய்வில், நான்கு துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளின் சராசரி ஒலியை ஹெட்போன் வழியே அளந்தபோது 85.6 முதல் 91.2 டெசிபல் வரை இருந்தது. விளையாட்டின் நடுவே திடீரென வெடிக்கும் ஒலிகள் 119 டெசிபல் வரை எட்டுவதாகவும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. குழந்தைகளுக்கு இத்தகைய திடீர் ஒலியின் உச்ச வரம்பு 100 டெசிபல்தான்.

வாரத்துக்கு எவ்வளவு தாங்கும்?

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே காதின் பாதுகாப்பைக் கணக்கிட வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு இது. இதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் திடுக்கிட வைக்கும். 83 டெசிபலில் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம், 89-இல் 5 மணி நேரம். மேலே சொன்ன 91 டெசிபலில் விளையாடும் பெரியவர் ஒருவரின் வாரக் கணக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை மதியமே அது தீர்ந்துபோகும் வீடுகள் எத்தனையோ.

‘குழந்தைகளுக்கானது, 85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று விற்கப்படும் ஹெட்போன்களையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு 85 டெசிபல் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். பெட்டியில் அச்சிட்ட வாசகத்தை நம்பி நாள் முழுக்க மாட்டிவிட முடியாது.

நம் அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், இன்னும் கண்டிப்பான அளவைப் பரிந்துரைத்தது: ஒலி 50 டெசிபலுக்குள், பயன்பாடு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அதிலும் இடையிடையே ஓய்வு.

காதுக்குள் என்ன ஆகிறது?

உட்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் அதற்குள் ஏறத்தாழ பதினைந்தாயிரம் மயிரணுக்கள். ஒலி அதிர்வை மூளைக்குப் புரியும் மின் குறிப்பாக மாற்றுபவை இவைதான். அளவு மீறிய சத்தத்தில் இவை சோர்ந்துபோகும். ஆட்டம் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியதும் காது அடைத்தது போல இருப்பதும், ‘கொய்ங்’ என்று இரைவதும் அந்தச் சோர்வின் அடையாளம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப நேர்ந்தால் மயிரணுக்கள் செத்துப்போகும். தோல் போலவோ நகம் போலவோ இவை மறுபடி முளைப்பதில்லை.

இழப்பு முதலில் விழுவது கீச்சென்ற உயர் ஒலிகளில். குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆள் பேசுவது கேட்கும், சொல் மட்டும் பிடிபடாது. கூட்டத்திலும் பேருந்திலும் ‘என்ன சொன்னே?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கும்போது, பழுது பல ஆண்டுப் பழையதாக இருக்கும்.

கம்பியால் என்ன லாபம்?

புளூடூத் ஹெட்செட் வந்த பிறகும் விளையாடுபவர்கள் கம்பியை விடாததற்கு முதல் காரணம் தாமதம். சாதாரண புளூடூத்தில் திரையில் தெரிவதற்கும் காதில் கேட்பதற்கும் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி விழும். கம்பியில் அந்தத் தொல்லை இல்லை.

காதுக்குச் சாதகமான காரணமும் ஒன்று உண்டு. பல புளூடூத் ஹெட்செட்டுகளில் மைக்கைத் திறந்தவுடன் ஒலியின் தரம் தொலைபேசி அழைப்பின் தரத்துக்குக் கீழிறங்கிவிடும். தெளிவு குறைந்ததும் கை தானாக ஒலியளவை ஏற்றும். கம்பி ஹெட்செட்டில் பேசினாலும் பேசாவிட்டாலும் தரம் ஒன்றுதான். பேட்டரி, ரேடியோ சில்லு என்று எதுவும் இல்லாததால், கொடுக்கும் பணத்தில் கூடுதல் பங்கு ஒலிபெருக்கிக்கும் மெத்தைக்கும் போகிறது. குறைந்த பட்ஜெட்டில் இது பெரிய வித்தியாசம்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்?

முதலிடம் வெளிச்சத்தத்தை அடைக்கும் திறனுக்கு. கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியதாகவும், மெத்தை காதைச் சுற்றி முழுதாக உட்காருவதாகவும் இருக்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் உள்ளே வராவிட்டால் காலடிச் சத்தம் குறைந்த ஒலியளவிலேயே கேட்கும். வெளிப்பக்கம் திறந்த வகை காற்றோட்டமாக இருக்கும்; அமைதியான தனி அறை உள்ளவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

இரண்டாவது எடை. லாஜிடெக் ஜி335, ரேஸர் பிளாக்ஷார்க் வி2 எக்ஸ் இரண்டும் சுமார் 240 கிராம். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 275 கிராம். காஸ்மிக் பைட், ரெட்ராகன் போன்ற விலை குறைந்த வரிசைகளில் வாங்குவோரும் இந்த எடையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 350 கிராமைத் தொட்டால் ஒரு மணி நேரத்திலேயே கழுத்து சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கிண்ணத்திலோ கம்பியிலோ அது இருந்தால் திடீரென்று சத்தம் எகிறும்போது விளையாட்டை நிறுத்தாமலே ஒரு விரலால் இறக்கிவிடலாம். மைக் வாய்ப்பக்கத்து ஒலியை மட்டும் பிடிப்பதாக இருப்பது நல்லது. எல்லாப் பக்கமும் பிடித்தால் வீட்டு இரைச்சல் முழுவதும் நண்பர்களின் காதுக்குப் போகும். அவர்கள் தங்கள் ஒலியளவை ஏற்றுவார்கள்.

விலையை ஏற்றும், காதுக்கு உதவாத விஷயங்களும் உண்டு. வண்ண விளக்கு அவற்றில் முதன்மை. ‘7.1’ என்பதும் மலிவு ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் மென்பொருள் வேலைதான்; உள்ளே இருப்பவை இரண்டே ஒலிபெருக்கிகள். விண்டோஸ் 10, 11-இல் அதே போன்ற வேலையைச் செய்யும் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே கிடைக்கிறது. 50 மி.மீ. ஒலிபெருக்கி 40 மி.மீ. ஒலிபெருக்கியைவிடக் கட்டாயம் மேலானது என்றும் சொல்ல முடியாது.

பிளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3.5 மி.மீ. பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே துளையில் வேலை செய்யும். அந்தத் துளை உள்ள ஃபோன், லேப்டாப், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் ஆகியவற்றுக்கு அது போதும். மேசைக் கணினியில் பச்சைத் துளை, இளஞ்சிவப்புத் துளை எனத் தனித்தனியாக இருந்தால் பிரிப்பான் கம்பி ஒன்று வேண்டும். பல ஹெட்செட்டுகளின் பெட்டியிலேயே அது இருக்கும்.

கடையில் பத்து நிமிடம்

இணையத்தில் வாங்குவதானாலும் முடிந்தால் ஒரு முறை கடையில் போட்டுப் பாருங்கள். காது மடல் முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்குகிறதா? மடலை மெத்தை அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலிக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையில் இடைவெளி விட்டால் பேஸ் கசிந்துவிடும், வெளிச்சத்தம் உள்ளே புகும், ஒலியளவு மறுபடி ஏறும்.

தலையை உலுக்கினால் கழன்று விழக் கூடாது. தாடையை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. எதையும் ஓட விடாமல் சும்மா போட்டுக்கொண்டு தெருவின் ஹாரன் எவ்வளவு அடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணும் சொல்லாததை அது சொல்லும்.

வியர்வையும் மெத்தையும்

நம் ஊர் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை ஓரிரு ஆண்டில் செதில் செதிலாக உரியும். மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடலை வாங்கினால் முழு ஹெட்செட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. துணி மெத்தை குளிர்ச்சியாக இருந்தாலும் வெளிச்சத்தத்தை அவ்வளவாக அடைக்காது.

ஈரம் தேங்கிய காதில் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றும். குளித்த ஈரக் காதோடு மாட்ட வேண்டாம். விளையாடி முடித்ததும் மெத்தையை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வையுங்கள். கேமிங் சென்டரில் பொது ஹெட்செட் போடுபவர்கள் துடைத்துவிட்டு அணிவது நல்லது. காதிலிருந்து சீழ் வடிபவர்கள் குணமாகும்வரை எந்த ஹெட்செட்டையும் தொடாமல் இருக்க வேண்டும்.

ஃபோனைச் சார்ஜில் போட்டபடி கம்பி ஹெட்செட் அணிந்து விளையாடுவதை அடியோடு தவிருங்கள். தரமற்ற சார்ஜர் பழுதானால் மின்சாரம் கம்பி வழியே உடலுக்கு வர வாய்ப்பு உண்டு. சார்ஜரில் பிஐஎஸ் பதிவுக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒலியளவைக் குறைக்க ஒரு வழி

விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஒலி அமைப்புக்குள் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் மெல்லிய ஒலி மேலே வரும், வெடிச்சத்தம் கீழே அமுங்கும். காலடி கேட்கக் காதைப் பணயம் வைக்க வேண்டிய தேவை அதோடு பாதி குறைந்துவிடும். விளையாட்டின் அமைப்பில் இசையை அணைத்துவிட்டு, நண்பர்களின் குரலுக்குத் தனி அளவு வைப்பதும் உதவும்.

ஒலியளவு அதிகபட்சத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். கையெட்டும் தூரத்தில் அம்மா சாதாரணக் குரலில் கூப்பிட்டும் காதில் விழவில்லை என்றால் சத்தம் கூடுதலாக இருக்கலாம். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் கழற்றி வையுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வீடியோ விளையாட்டுகளுக்கென்றே பாதுகாப்பான ஒலிக்கான தர விதிகளை 2025-இல் வெளியிட்டிருக்கின்றன. விளையாட்டு நிறுவனங்கள் அவற்றைப் பின்பற்றும்வரை திருகு நம் கையில்தான்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

காதுக்குள் கேட்கும் இரைச்சல் ஓரிரு நாளில் நிற்காவிட்டாலும், பேச்சு கேட்டும் சொல் புரியாவிட்டாலும், தொலைக்காட்சிச் சத்தத்தைப் பிள்ளை மட்டும் ஏற்றிக்கொண்டே போனாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனையில் வலி இல்லை, அரை மணி நேரம் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான வசதி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இலவச ‘ஹியர் டபிள்யூஎச்ஓ’ செயலியில் வீட்டிலிருந்தே முதல்கட்டச் சோதனை செய்துகொள்ளலாம்.

ஒரே ஓர் அறிகுறிக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காலையில் எழும்போதோ விளையாட்டின் நடுவிலோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றிப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தரும். முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் கேட்கும் திறன் திரும்புவதற்கான வாய்ப்பு இன்னும் கூடும்.